தந்தியைப் பிரிக்கும் முன்

நான் ஒட்டிய எழுத்து மாறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1978இல் புதுச்சேரியில் ஒரு கூட்டமே அது மாறும் என்று நம்பியது. அதில் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

என் பெயர் கலியபெருமாள். தந்தி ஆபீசில் சிக்னலர். சென்னையிலிருந்து லைனில் வரும் செய்தி மெஷினில் ஒரு காகித நாடாவில், பெரும்பாலும் இங்கிலீஷில், அடித்துக்கொண்டே வரும். அதைக் கிழித்து, அச்சடித்த தந்திப் பாரத்தில் பசை தடவி வரிவரியாக ஒட்டி, மடித்து, உறைக்குள் போட்டு மூடிக் கொடுப்பது என் வேலை. யார் வீட்டில் சாவு, யாருக்குக் குழந்தை, யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விடக் கூடாது என்று வேலையில் சேரும்போதே சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். என் மனைவி ராஜாம்பாள் என் வாயைக் கிளறிக் கிளறிப் பார்த்து அலுத்துப்போனவள்.

வேதமாணிக்கம் எங்கள் ஆபீசுக்கு வந்தது 1977 ஜூலையில். தந்தி பட்டுவாடா செய்யும் ஆள். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சாத்தான்குளத்துப் பக்கம் ஊர். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, சிவப்பு சைக்கிள், தோளில் தோல் பை. சொந்த ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்டு மனுப் போடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"கர்த்தர் போகச் சொன்னாரு அண்ணாச்சி" என்றார்.

"எழுத்துமூலமாவா?" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை ஆயுத பூஜைக்குப் பொரி தின்கிற அளவுக்குத்தான். ஆனால் டீ வாங்கிக் கொடுக்கிற ஆளிடம் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

விஷயம் இதுதான். அவருடைய அப்பா ஊர் வேதக்கோயிலில் உபதேசியார். முப்பத்தைந்து வருஷம் வெறுங்காலோடு கிராமம் கிராமமாக நடந்து வேதம் சொல்லி ஊழியம் செய்தவர். மகன் பகலில் சர்க்கார் உத்தியோகமும் சாயங்காலம் ஊழியமும் செய்யப்போகிறேன் என்றதும் பெரியவருக்கு வந்ததே கோபம். "ஊழியம் என்ன ஒனக்கு ஓவர்டைமாலே?" என்று கேட்டாராம். கடைசியில் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார். "அந்த ஊர்ல சபைன்னு பத்துப் பேரு கூடட்டும். அன்னைக்கு எழுது. நானே ரயிலேறி வந்து பாக்கேன். அதுவரைக்கும் எங்கூடப் பேசாத." சொன்னபடியே பேச்சை நிறுத்திவிட்டார். வேதமாணிக்கம் மாதாமாதம் கடிதம் போடுவார். பதில் வராது.

அந்தப் பத்துப் பேருக்காக அவர் பட்ட பாடு இருக்கிறதே! டியூட்டி முடிந்ததும் காக்கியைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, வேத வசனம் அச்சடித்த துண்டுப் பிரதிகளோடு வீடு வீடாகப் போவார். ஆனால் ஊருக்கு அவர் முகம் தந்திக்காரர் முகம். சட்டையை மாற்றினால் முகம் மாறிவிடுமா? ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று "ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கேன்" என்றார். "ஐயோ, யாரு போனது?" என்று உள்ளேயிருந்த பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கதிர்காமத்தில் சின்னப்பாப்பா என்று ஒரு கிழவி, துண்டுப் பிரதியை நீட்டினதுமே கட்டை விரலை நீட்டி, மை எங்கே என்று கேட்டாள். படித்துக் காட்டச் சொன்னாள். 'உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன' என்று வேதமாணிக்கம் படித்தார்.

"எந்த ஊர்லேர்ந்து வந்துருக்கு?" என்று கேட்டாளாம் கிழவி.

ஆறு மாதம் ஓடியது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, ஞாயிறுதோறும் பத்து மணிக்கு ஜெபக்கூட்டம் என்று பலகை மாட்டியிருந்தார். வருகை ஒருவர். கொட்டகைச் சொந்தக்காரர் கன்னியப்பன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரும் பிரசங்கம் கேட்க வரவில்லை. கொட்டகைச் சுவரில் ஆணி கீணி அடிக்கிறாரா என்று பார்க்க வந்தார்.

அப்புறம்தான் ஆயம்மாவின் தந்தி வந்தது.

ஆயம்மா தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். ஐம்பது வயது, புருஷன் இல்லை. ஒரே மகன் முருகையன் பம்பாயில் ஒரு பட்டறையில் வேலை. வயிற்றில் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பத்து நாள் முன்னால் கடிதம் வந்திருந்தது. தை மாதம் ஒரு காலைப் பொழுது வேதமாணிக்கத்தின் சைக்கிள் மணி அந்தத் தெருவில் கேட்டதுதான் தாமதம், ஒப்பாரி கிளம்பிவிட்டது. யாரும் உறையைப் பார்க்கவில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பந்தலுக்கு மூங்கில் எடுத்துவர ஆள் ஓடியது. மைத்துனன் முறைக்காரன் ஒருவன் மேளத்துக்குச் சொல்லப் போய்விட்டான். ஆயம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் வாங்க மாட்டேன், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேதமாணிக்கத்துக்கு மனசு தாங்கவில்லை. சர்க்கார் தொப்பியைக் கழற்றி சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டினார். சர்க்கார் பையையும் கழற்றி வைத்தார். "யம்மா, ஒரு ஜெபம் பண்ணிக்கிடுதேன். அப்புறம் பிரிப்போம்" என்று சொல்லி, இரண்டு நிமிஷம் கண்ணை மூடி, இந்தத் தாய்க்குத் தாங்குகிற பலத்தைக் கொடும் என்று வேண்டினார். பிறகு உறையைப் பிரித்துப் படித்து, தமிழில் சொன்னார். 'ஆபரேஷன் முடிந்தது. முருகையன் நலம். புதன்கிழமை புறப்படுகிறான்.'

தெருவே வாயைப் பிளந்தது. அவ்வளவு ஒப்பாரி வைத்தபிறகு, அந்தச் செய்தி ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. மேளக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வந்த கை சும்மா திரும்பக் கூடாதென்று அம்மன் கோயில் வரைக்கும் அடித்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. சாவுத் தந்தி வந்துச்சாம், தந்திக்காரர் ஜெபம் பண்ணாராம், உள்ளே எழுத்து மாறிப்போச்சாம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த நாடாவை என் கையால் கிழித்து, என் கையால் பசை தடவி, காலை எட்டே முக்காலுக்கு ஒட்டியவன் நான். 'நலம்' என்று நான்தான் ஒட்டினேன். ஒட்டினவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தேங்காய்த்திட்டில் ஜெபம் இல்லாமல் எந்தத் தந்தியும் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இன்னொரு பட்டுவாடாக்காரர் ஆதிமூலம் நெற்றி நிறைய நாமம் போட்டவர். அவர் கொண்டுபோன தந்திகள் அப்படியே திரும்பி வந்தன. "அந்தத் தம்பிகிட்ட குடுத்து அனுப்புங்க, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்று பதில். பட்டுவாடா ஆகாத தந்திகள் மேஜைமேல் குவிந்தன. எங்கள் மேலதிகாரி இராமதாஸ் சார் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கவர்ன்மெண்ட்டுக்கு வேண்டியது கையெழுத்து. கையெழுத்துக்கு முன்னாடி அவங்க என்னா கேக்குறாங்களோ அதைச் செஞ்சுட்டுப் போங்க" என்றார். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் பரவாயில்லை. எழுத்திலும் போட்டுவிட்டார். 'தந்திகள் தங்குதடையின்றிப் பட்டுவாடா ஆகும் பொருட்டு, பெறுநர் விரும்பும் பட்சத்தில், பட்டுவாடா செய்பவர் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஆவன செய்யலாம்.'

ஆவன செய்ய ஆதிமூலத்துக்குப் பயிற்சி வேண்டுமே? ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் வேதமாணிக்கம் அவருக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தார். ஆதிமூலம் விசுவாசமான ஊழியர். நாமம் கலையாமல் கண்ணை மூடி, மனப்பாடமாக ஒப்பித்து, ஆமென் போட்டு, கையெழுத்து வாங்கிவிடுவார். ஆனால் அவர் கைராசி சரியில்லை. அவர் ஜெபித்த முதல் மூன்று தந்தியும் சாவு. நாலாவது வீட்டில் அவரைத் தெரு முனையிலேயே மறித்துவிட்டார்கள். மனுஷன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நான் எங்கியோ ஒரு வார்த்தை விட்டுடுறேன் போலிருக்கு கலியபெருமாளு" என்றார் என்னிடம்.

வேதமாணிக்கத்துக்கு மட்டும் எல்லாம் நல்ல தந்தியாகவா வந்தது? அவர் கொண்டுபோனதிலும் பாதி சாவுதான். அதற்கு ஜனங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஜெபம் முடிவதற்குள் மருமகள் தும்மிவிட்டாள். நாய் குறுக்கே போயிற்று. எங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. தப்பு எப்போதும் அவர்கள் பக்கம். தந்திக்காரர் பக்கம் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் சொல்லுவார். "நா ஒண்ணும் மாத்த முடியாதும்மா. ஜெபம் எழுத்த மாத்தாது." அவர்களும் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும், "பார்த்தியா, துளி பெருமை இல்ல" என்பார்கள்.

சாவுத் தந்தி கொடுத்த வீட்டுக்கு டியூட்டி முடிந்து சாயங்காலம் மறுபடி போவார். அப்போது காக்கி இருக்காது. ஒருமுறை மீன் வாங்கப் போன வழியில் நான் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இவர் தெருக்குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களுக்குக் கார்டு எழுதிக் கொடுத்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும், என்னமோ திருட்டு வேலை செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி வெட்கப்பட்டார்.

கொட்டகை நிரம்ப ஆரம்பித்தது. சித்திரையில் பதினைந்து பேர், வைகாசியில் முப்பத்திநாலு. ஆயம்மா தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். கதிர்காமத்துச் சின்னப்பாப்பாவும் வந்தாள். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் பிரிக்காத தந்தி. எவரோ பட்டுவாடா செய்த தந்தியை மடியில் செருகி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார்கள். தந்தியே வராத ஒருவர் இருக்கிறாரே, கமலவேணி என்று, ஸ்கூல் ஆயா, அவர் ஊரில் இருக்கிற அண்ணனுக்கு எழுதி தனக்கு ஒரு தந்தி அடிக்கச் சொன்னார். அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டான். விஷயம் எதுவும் வேண்டாம், தந்தி வந்தால் போதும் என்று இவர். நான்தான் ஒட்டினேன். 'விஷயம் எதுவும் இல்லை.'

கன்னியப்பன் கதை இன்னும் மோசம். அவருக்குப் பிரான்சிலிருந்து ஒரு தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் பிரிக்கவில்லை, ஜெபத்துக்கும் கொடுக்கவில்லை. "பிரிக்கிற வரைக்கும் அது நல்ல தந்திதானே மெஸ்யே" என்றார் என்னிடம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் திரிந்தார். உள்ளே பிரெஞ்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நானும் அஞ்சு வருஷம் படித்தவன்தான். 'அடுத்த வாரம் வியாழன் மதியம் சென்னை விமான நிலையம் வருகிறேன். அழைத்துப்போக வரவும். சந்திரகலா.' ஆறு வருஷம் கழித்து மகள் வருகிறாள். அப்பன் அந்தத் தந்தியைத் தடவிக்கொண்டு என் எதிரில் நிற்கிறான். எனக்கு நாக்கு துடித்தது. சத்தியம் வாங்கியிருக்கிறார்களே! "பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்று மூன்று தடவை சொன்னேன். "சொந்த ஊர்க்காரர் நீங்களே அவசரப்படுத்துனா எப்படி?" என்று கோபித்துக்கொண்டார்.

சந்திரகலா வியாழன் மதியம் சென்னையில் இறங்கி, மூன்று மணி நேரம் பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டாக்சி பிடித்து ரெட்டியார்பாளையம் வந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி அப்பாவை வறுத்தெடுத்தாள். இரண்டு பாஷையிலும். கன்னியப்பன் ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டே, "பாத்தியா, பிரிக்காததால நல்லதாப் போச்சு" என்றார். சந்திரகலா நேரே கொட்டகைக்குப் போய் வேதமாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா அது? எங்கப்பாவை இப்படிப் பைத்தியமாக்கி வெச்சிருக்கீங்களே, இதுதான் உங்க சாமி சொன்னதா?"

மறுநாள் வேதமாணிக்கம் டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

"அப்பா பத்துப் பேரு கேட்டாரு அண்ணாச்சி. முப்பத்திநாலு பேரு வாராவ. ஒருத்தருகூட இயேசுவுக்காக வரல. தந்திக்காக வாராவ. இத எப்படி நா எழுதுவேன்?"

"தலைய எண்ணித்தானே பாக்கப்போறாரு? உள்ளே என்னா இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எழுதுங்க" என்றேன்.

"அவரு முன்னால நா பொய் சொன்னதே இல்ல" என்றார்.

கடைசியில் எழுதினார். ஜூலைக் கடைசி ஞாயிறு வரச் சொல்லி எழுதினார். அன்றைக்கு அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, மழுப்பாமல் உண்மையைச் சொல்லிவிடப்போகிறார். அதற்கப்புறமும் பத்துப் பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் அது சபை. கொட்டகை காலியானால், மாற்றலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு அதே ரயிலில் ஊருக்குப் போய்விடப்போகிறார். ஊழியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். "பத்துப் பேரு உக்காருவாவளா அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

பெரியவரிடமிருந்து கார்டு வந்தது. ஒரு வருஷம் கழித்து முதல் பதில். கார்டு முழுக்க ஒரே வார்த்தை. 'வாரேன்.' அதை வேதமாணிக்கம் ஆபீஸ் முழுக்கக் காட்டினார். இராமதாஸ் சாரிடம்கூடக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. ஏழரை மணிக்கு வேதமாணிக்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. விடியற்காலையிலிருந்து ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறார், அப்பா வரவில்லை. "மனசு மாறிட்டாரோ என்னவோ. ஏதும் வந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்போது ஒன்றும் வரவில்லை. "அடுத்த வண்டியில வருவாரு, நீங்க போயி கூட்டத்த ஆரம்பிங்க" என்று அனுப்பிவைத்தேன்.

ஒன்பது இருபதுக்கு மெஷின் அடிக்க ஆரம்பித்தது. நாடா வெளியே வரவர நான் படித்துக்கொண்டே இருந்தேன். 'அப்பா நேற்றிரவு காலமானார். ரயிலுக்குப் புறப்படும்போது நெஞ்சு வலி. உடனே வரவும்.' பெறுநர், வேதமாணிக்கம், தந்தி ஆபீஸ், புதுச்சேரி.

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எத்தனை ஆயிரம் சாவு ஒட்டியிருப்பேன்! ஒரு எழுத்து பிசகியதில்லை. அன்றைக்குப் பசை எல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி கோணலாகப் போய்விட்டது. ஆதிமூலம்தான் டியூட்டி. அவர் உறையில் பெயரைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். "எனக்கு ராசி இல்ல. நீ போ கலியபெருமாளு" என்றார். என் நாற்காலியில் இராமதாஸ் சாரே வந்து உட்கார்ந்துகொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

சைக்கிளில் ரெட்டியார்பாளையம் வரைக்கும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். கொட்டகைக்குள் நுழையும்போது வேதமாணிக்கம் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் எல்லோரும் பாயில். அப்பா வராவிட்டாலும் அவர் சொன்னபடி உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டிருந்தார்.

"நல்லாக் கேளுங்க. பம்பாயில நேத்து எழுதுனத நா இங்க இன்னைக்கு ஜெபம் பண்ணி மாத்த முடியாது. ஒருநாளும் மாத்துனதில்ல. முருகையன் நல்லா இருந்தான், அதனால நல்லா இருக்கான்னு வந்துச்சு. அம்புட்டுத்தான். தந்திக்காக வந்தவங்க இருந்தா, தயவுசெஞ்சு எழும்பிப் போயிருங்க. நா கோவப்பட மாட்டேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் வாசலில் நிற்கிற என்னையும் என் கையில் இருக்கிற உறையையும் பார்த்தார்கள்.

வேதமாணிக்கமும் பார்த்தார். உறையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் காத்த ரகசியத்தை என்னால் அந்த ஒரு நிமிஷம் காக்க முடியவில்லை. கிட்டே போய் நீட்டினேன். கையெழுத்துப் புத்தகத்தையும் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கினார். அப்புறம் அந்தப் பேனா அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அன்றைக்கு ஆயம்மா தரையில் உட்கார்ந்திருந்தாளே, அந்த நிலையில் இப்போது அவர் நின்றார்.

"பிரிக்காத தம்பி!" என்று ஆயம்மா பாயைவிட்டு எழுந்து வந்தாள். "ஜெபம் பண்ணாம பிரிக்காத!"

ஜெபம் எழுத்தை மாற்றாது என்று இரண்டு நிமிஷம் முன்னால் சொன்ன மனுஷன், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னால முடியலம்மா" என்றார். "நீங்க பண்ணுங்க."

அவர்களில் ஒருத்தரும் அதுவரை வாய்விட்டு ஜெபித்ததில்லை. அது தந்திக்காரர் வேலை என்று இருந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆயம்மா ஏலத்தில் விலை கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். "ஏசுவே, இந்தத் தம்பி எங்க தெருவுக்கு எத்தினி வாட்டி வந்துருக்கு, எத்தினி கொடம் தண்ணி தூக்கியிருக்கு, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? இதுக்கு ஒரே ஒரு வாட்டி செய்யக் கூடாதா?" கன்னியப்பன் எழுந்து அட்டென்ஷனில் நின்று, "மோன் தியே, மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு வேண்டினார். சின்னப்பாப்பா கட்டை விரலை நீட்டிக்கொண்டே அழுதாள். கமலவேணி மாரியம்மனையும் துணைக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு சத்தம். ஒழுங்கே இல்லை. பத்து நிமிஷம் இருக்கும்.

நானும் கண்ணை மூடினேன். உள்ளே இருப்பதை ஒட்டினவன் நான். பசை இன்னும் என் விரலில் காய்ந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மாறட்டும் என்று கேட்டேன். ஒரே ஒரு வரி, மாறிவிடட்டும் என்று கேட்டேன்.

சத்தம் அடங்கியதும் வேதமாணிக்கம் உறையைப் பிரித்தார். ஒருமுறை படித்தார். தமிழில் சொல்ல வாயைத் திறந்து, "அப்பா" என்று மட்டும் சொன்னார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போதாவது புரிந்திருக்கும், இனி எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. ஆண்களில் ஒருவர் ரயில் நேரம் கேட்டுவர ஓடினார். பெண்கள் வேதமாணிக்கத்தின் காலடியில் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஆயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்புச் செய்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை போல அவர் எதிரில் நின்றாள்.

"மன்னிச்சுடு தம்பி" என்றாள். "நாங்க புதுசு. இன்னிக்குத்தான் மொதோ வாட்டி பண்றோம். எங்களுக்கு இன்னும் சரியா பண்ண வரல. கொஞ்சம் நல்லா கத்துக்கிட்டு இருந்தோம்னா உங்கப்பா போயிருக்க மாட்டாரு."

வேதமாணிக்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு வருஷமாக வீடு வீடாகச் சொன்னதை, அன்று காலையில் சொன்னதை, மறுபடியும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அந்த மீன்காரம்மாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"இல்லம்மா" என்றார். "நல்லாத்தான் பண்ணுனிய."